ஐம்பது சாட்சி, ஒரே ஆள்

"உங்கள் கடையின் வெப்சைட்டை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால், எப்படி என்று கேளுங்கள். பலர் செய்வது இதுதான்: காலாவதியான டொமைன் பெயர்களை வாங்கி, ஐம்பது தளங்கள் அமைத்து, அத்தனையிலிருந்தும் உங்கள் தளத்துக்கு லிங்க் கொடுப்பார்கள்.

1998-ல் லாரி பேஜும் செர்கி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒவ்வொரு லிங்க்கையும் ஒரு சிபாரிசாக எண்ணுகிறது. இங்கே ஐம்பது பேரும் ஒரே ஆள். ரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பேர்போன காயல்பட்டினத்தில், விற்பவரே கூட்டி வரும் சாட்சிகளை யார் நம்புவார்கள்? கூகுளும் நம்புவதில்லை.

அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்காக நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான லிங்க்குகள் வைக்கப்பட்டிருந்தது 2011-ல் அம்பலமானது. ஒரு பயணப்பெட்டிக்கான தேடலில் 1-ஆம் இடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-க்கு இறங்கியது. "எங்களுக்குத் தெரியாது" என்றது நிறுவனம். செய்தவர் யாராக இருந்தாலும் அடி கடைக்குத்தான். 2014-ல் இத்தகைய தனி நெட்வொர்க்குகள் மீதும் கூகுள் நடவடிக்கை எடுத்தது.

என் கருத்து இது: அந்தப் பணத்தில் நல்ல படங்கள், விலை, முகவரி, தெளிவான தமிழ் விளக்கம் போடுங்கள். கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதியுங்கள். திருப்தியான ஒரு வாடிக்கையாளர் கொடுக்கும் லிங்க் போதும், அது நிலைக்கும்.