தீ ஏன் மேலே ஏறுகிறது?

கோடை வந்துவிட்டால் எங்கள் தர்மபுரி மாவட்டத்து மலைகளில் இரவு நேரத்தில் சில நாள் செந்நிறக் கோடு ஒன்று தெரியும். சிறு வயதில் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். காட்டுத்தீ என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் கோடு எப்போதும் உச்சியைப் பார்த்துத்தான் வேகமாக நகரும். ஏன்?

ஒரே அளவில் இரண்டு காகிதத் துண்டுகளைத் தொங்கவிட்டு (பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்), ஒன்றை மேல் முனையிலும் மற்றதைக் கீழ் முனையிலும் பற்ற வையுங்கள். முதலாவது மெல்ல எரிந்து இறங்கும், சில சமயம் அணைந்தும் போகும். இரண்டாவது நொடிகளில் முடிந்துவிடும். காரணம் எளிது. சூடான வாயு லேசானது, அதனால் மேலே போகிறது. போகிற வழியில் இன்னும் எரியாத பகுதியைத் தடவிச் சூடாக்கிவிடுகிறது. எரியும் பகுதி நீள நீளச் சுடரும் நீள்கிறது, வேகமும் கூடிக்கொண்டே போகிறது. என் பாட்டிக்கு இந்த இயற்பியல் தெரியாது. ஆனால் "அடியில பத்த வெச்சாதான் மேல புடிக்கும்" என்று சுள்ளியை எப்போதும் விறகுக்கு அடியில்தான் வைப்பார்.

மலைச்சரிவிலும் இதே கதைதான். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களின் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் தீ பிடித்தது கூரை ஓலையில். 94 குழந்தைகள் போனார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நம் பாடப்புத்தகத்தில் வெப்பச்சலனம் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் படம்தான் நினைவுக்கு வருகிறது. தேர்வில் ஐந்து மதிப்பெண், அத்தோடு சரி. உயிரைக் காக்கும் பகுதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். நிற்கும் உடம்பில் தீ முகத்தை நோக்கி ஏறும். உடனே படுத்து உருளுங்கள். மலையில் கீழிருந்து தீ வந்தால் உச்சியை நோக்கி ஓடாதீர்கள். அந்தப் பந்தயத்தில் தீதான் ஜெயிக்கும். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போய்விடுங்கள்.

ஒரு காகிதத் துண்டு, ஒரு தீக்குச்சி, பத்து நிமிடம். எட்டாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் இதைச் செய்து காட்டினால் போதும், அந்தப் பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.