தீ மூட்டியவர் யார்?

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் இந்தியாவின் தலைநகராகிய டில்லியைப் புகை மூடுகின்றது. பாடசாலைகள் அடைக்கப்படுகின்றன, விமானங்கள் தாமதமாகின்றன, மருத்துவமனை வாயில்களில் மூச்சிரைக்கும் முதியோரும் குழந்தைகளும் நிறைகின்றனர். அவ்வேளைகளிற் பத்திரிகைகள் தவறாது ஒரு படத்தை வெளியிடுகின்றன: எரியும் வயல், அதன் ஓரத்தே தலைப்பாகை அணிந்த ஒரு பஞ்சாப் விவசாயி. படத்தின் கீழ் எவ்வாசகம் அச்சிடப்பட்டிருப்பினும் அது சொல்லும் செய்தி ஒன்றே: இவனே குற்றவாளி.

அப்படம் பொய்யன்று. வயலுக்குத் தீ இடுபவன் விவசாயியே. ஆனால், அரை உண்மை முழுப் பொய்யினும் கொடியது. பொய்யை ஒரு சொல்லால் மறுத்துவிடலாம். அரை உண்மையை மறுப்பதற்கோ வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வரலாற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது என நாம் கருதுகின்றோம். ஏனெனில், அறியாதவன் கையிற் பழி எப்பொழுதும் எளியவன் மீதே விழும்.

பஞ்சாப் நெல்லின் நாடன்று. கோதுமை, சோளம், கடலை, பருப்பு வகைகள் ஆகியனவே அம்மண்ணின் பழம் பயிர்கள். 1960-61இல் அம்மாநிலத்தில் நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ 2.27 இலட்சம் ஹெக்டேயர் மட்டுமே. இன்றோ அது 30 இலட்சம் ஹெக்டேயருக்கும் அதிகம். இம்மாற்றம் விவசாயியின் மனம்போன போக்கில் நிகழ்ந்ததா? இல்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து வாழ்ந்த இந்திய அரசு, தன் களஞ்சியத்தை நிரப்புவதற்குப் பஞ்சாபைத் தெரிந்தெடுத்தது. 1965இல் இந்திய உணவுக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. புதிய விதைகள், இரசாயன உரம், குழாய்க் கிணறு, அரசே விலை கூறி அரசே வாங்கும் உறுதி ஆகிய யாவும் ஒருங்கே வந்தன. 1997இல் விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. இருபதுக்கு மேற்பட்ட பயிர்களுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்படினும், அவ்விலையில் தவறாது வாங்கப்படுபவை பெரும்பாலும் கோதுமையும் நெல்லுமே. பருப்பை விதைத்தவன் சந்தையில் வியாபாரியின் தயவை நாடி நிற்க வேண்டும்; நெல்லை விதைத்தவனோ விலை உறுதியோடு வீடு திரும்பலாம். கடனோடு வாழும் ஒருவன் எதனை விதைப்பான் என்பதற்கு விடை கூறப் பொருளியற் பட்டம் வேண்டுமோ?

நெல் வந்தது, நீர் போயிற்று. இன்று பஞ்சாபின் நிர்வாக வட்டாரங்களில் நான்கில் மூன்று பங்கு, மழை ஊட்டும் நீரினும் அதிகமாக நிலத்தடி நீரை உறிஞ்சுவன. இவ்வழிவைக் கண்ட மாநில அரசு 2009இல் ஒரு சட்டம் இயற்றியது. கோடை வெயிலில் நீர் ஆவியாகி வீணாவதைத் தடுக்கும்பொருட்டு, யூன் 10ஆந் திகதிக்கு முன் நாற்று நடுதல் கூடாதென அச்சட்டம் விதித்தது. அயல் மாநிலமாகிய ஹரியானாவும் அதே ஆண்டில் இத்தகைய சட்டத்தைக் கொணர்ந்தது. நோக்கம் நல்லதே. ஆயின் விளைவு யாது? நடுகை பின்தள்ளப்படவே அறுவடையும் பின்தள்ளப்பட்டது. கோதுமையையோ நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். பிந்தினால் விளைச்சல் குன்றும். ஒரு பயிரை அறுப்பதற்கும் மறு பயிரை விதைப்பதற்கும் இடையே எஞ்சியவை இரண்டு மூன்று வாரங்களே. அவ்வாரங்களிலேதான் வட இந்தியச் சமவெளியிற் காற்று ஓய்கின்றது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோற் கவிந்து, புகையை மேலெழவிடாது அடைக்கின்றது. நீரைக் காப்பாற்ற எண்ணிய சட்டம் புகைக்கு நாள் குறித்துக் கொடுத்தது. நோயின் வேரைத் தொடாது கிளையை மட்டும் வெட்டும் ஆட்சிமுறைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இனி வயலுக்குள் இறங்கிப் பார்ப்போம். முன்னர் அரிவாளுடன் வந்த கூலியாட்களின் இடத்தை இன்று அறுவடை இயந்திரம் பிடித்துக்கொண்டது. மனிதன் நெற்றாளை அடியோடு அறுப்பான். இயந்திரமோ கதிரை வாங்கிக்கொண்டு அரிதாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயலெங்கும் இறைத்துச் செல்கின்றது. இவ்வாறு பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி தொன் வைக்கோல் சேர்கின்றது. இவ்வைக்கோலிற் சிலிக்கா மிகுதி. அங்கு மாடுகளுக்கு இடுவது கோதுமை வைக்கோலே. அதனை அகற்ற ஆட்கூலி வேண்டும்; மண்ணோடு உழுது புதைக்க எரிபொருளும் நாட்களும் வேண்டும். ஒரு தீக்குச்சியின் விலையோ மிகச் சிறிது.

விவசாயியின் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கூறுவோர் உளர். நாம் இதனை வன்மையாக மறுக்கின்றோம். ஒரு தொன் வைக்கோலை எரித்தால் ஏறத்தாழ 5.5 கிலோ நைதரசனும் 25 கிலோ பொற்றாசியமும் மண்ணுக்கு இல்லாமற் போகின்றன. இதனைப் பல்கலைக்கழகம் சொல்லித்தான் அவன் அறிய வேண்டுமென்பதில்லை. தன் மண் மெலிவதை அவன் தன் உரச் செலவிலேயே காண்கின்றான். தன் குழந்தை இருமுவதை அவன் தன் வீட்டிலேயே கேட்கின்றான். அவனுக்கு இல்லாதது அறிவன்று, நாளும் பணமுமே.

அரசு என்ன செய்தது? 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தண்டம் விதித்தது: இரண்டு ஏக்கருக்குக் குறைந்தவனுக்கு 2,500 ரூபா, ஐந்து ஏக்கர் வரை 5,000, அதற்கு மேல் 15,000. 2024 நவம்பரில் மத்திய அரசு அதனை இருமடங்காக்கியது. மறுபுறத்தில், அரிதாளினூடே கோதுமையை நேரே விதைக்கும் இயந்திரங்களுக்கு 2018 முதல் மானியம் வழங்கப்படுகின்றது. இயந்திரம் நல்லதே. ஆனால் ஆண்டில் இருபது இருபத்தைந்து நாட்களே உழைத்து எஞ்சிய நாட்களிற் கொட்டிலில் உறங்கும் ஒரு கருவியை, பாதி விலை கொடுத்தாயினும் சிறு விவசாயி எவ்வாறு வாங்குவான்? அதனை இழுப்பதற்குப் பெரிய உழவு இயந்திரமும் வேண்டுமே! 2019 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், வைக்கோலை எரியாத சிறு விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபா வீதம் வழங்குமாறு பணித்தது. எரியாமைக்குச் செலவுண்டு என்பதையும், அச்செலவு அவன் ஒருவனின் தலையில் ஏற்றத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்பதன்றி இதற்கு வேறு பொருள் யாது?

தண்டத்தின் பயனை மற்றுமொரு கணக்குக் காட்டும். செயற்கைக்கோள் எண்ணிய வயற்றீக்கள் பஞ்சாபில் 2022இல் 49,922. 2024இல் அவை 10,909. ஐந்தில் நான்கு பங்கு தீ அணைந்துவிட்டதென அதிகாரிகள் மகிழ்ந்தனர். ஆனால், செயற்கைக்கோள் கடந்து செல்லும் நேரத்துக்குப் பின்னரே வயல்கள் எரிக்கப்படலாயின என்பதை, நாள் முழுதும் நோக்கும் வேறு செயற்கைக்கோள்கள் காட்டின. அச்சம் தீயை அணைக்கவில்லை. தீக்கு நேரம் பார்க்கக் கற்பித்தது. அதே 2024 நவம்பரில் டில்லியின் காற்றுத்தரச் சுட்டெண், 500இல் முடிவடையும் அளவுகோலில், 490ஐத் தாண்டியது.

வயல் எரியும் உச்ச நாட்களில் டில்லியின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் வைக்கோற் புகையாயிருந்ததுண்டு. இதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அந்நாட்கள் ஆண்டிற் சிலவே. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு, ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 5 மைக்கிரோகிராம். டில்லி ஆண்டு முழுவதும் சுவாசிப்பது அதன் இருபது மடங்கை ஒட்டியது. மாசி, பங்குனியில் அந்நகரை மூடும் மாசு எவ்வயலிலிருந்து வந்தது? மோட்டார் வண்டிகள், அனல் மின்னிலையங்கள், தொழிற்சாலைகள், செங்கற் சூளைகள், கட்டடத் தூசி ஆகிய இவற்றுக்கும் உரிமையாளர் உளர். அவர்களின் படம் ஏன் முதற் பக்கத்தில் வருவதில்லை? அவர்கள் வாழும் அறைகளிற் காற்றை வடிகட்டும் இயந்திரங்கள் ஓடுகின்றன. புகை மிகுந்த நாட்களிற் கட்டட வேலை நிறுத்தப்படுகின்றது. நடைபாதையில் உறங்கும் தொழிலாளி புகையையும் உண்டு, கூலியையும் இழக்கின்றான். அத்தொழிலாளர்க்குப் பிழைப்பூதியம் கொடுக்குமாறு 2024 நவம்பரிலும் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குக் கட்டளையிட நேர்ந்தது.

இவ்வளவும் கூறியபின், நம் அணியிலுள்ள சில நண்பர்களுக்கும் ஒரு சொல் உண்டு. விவசாயி மீது பழி சுமத்துவோரை எதிர்க்கப் புகுந்து, எரிப்பதனால் தீங்கே இல்லை, அது நகரத்தாரின் கூக்குரல் என்று பேசுதல் முற்போக்கு ஆகாது. டில்லிக்கு முன்னர் அப்புகை சென்று சேர்வது பஞ்சாபின் கிராமங்களையே. அங்கு வாழ்வோர் யாவரும் நிலவுடைமையாளர் அல்லர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தாழ்த்தப்பட்ட சாதியினராக்கப்பட்ட மக்கள்; அவர்களுட் பெரும்பாலோர்க்கு ஓர் அடி வயலும் இல்லை. அறுவடை இயந்திரம் அவர்களின் கூலியைப் பறித்தது; அது விட்டுச்சென்ற அரிதாளின் புகை அவர்களின் மூச்சைப் பறிக்கின்றது. வயலும் இல்லை, விளைவும் இல்லை, புகை மட்டும் உண்டு. "விவசாயி" என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நூறு ஏக்கர்காரனையும் இரண்டு ஏக்கர்காரனையும் கூலிக்காரியையும் ஒருங்கே அடைத்துவிட்டு, அச்சொல்லுக்காகப் போராடுவது வர்க்கப் பார்வையன்று; சொல் மயக்கமேயாகும்.

ஆகவே தீர்வு யாது? தீக்குச்சியைப் பறிப்பதன்று, தீக்குச்சி தேவைப்படாத வேளாண்மையைச் சமைப்பதே. சோளத்துக்கும் பருப்புக்கும் நெல்லுக்குரிய அதே கொள்வனவு உறுதி வேண்டும். நெல் விளையுமிடத்து, பூசா 44 போன்று நெடுநாள் நிற்பனவற்றை விடுத்துப் பி.ஆர். 126 போன்று விரைவில் முதிர்வனவற்றைப் பரப்புதல் வேண்டும். அவற்றை விதைத்தவன் விற்பனையில் நட்டமடையாதவாறு அரசு காத்தல் வேண்டும். இயந்திரங்கள் கூட்டுறவுச் சங்கங்களின் பொதுவுடைமையாகி, சிறு விவசாயியின் வயலுக்கு முதலில் செல்லல் வேண்டும். வைக்கோலைச் சேர்த்துக் கட்டும் வேலை, நிலமற்ற தொழிலாளர்க்கு நியாயமான கூலியாதல் வேண்டும். இவை எவையும் கனவல்ல. தண்டம் விதிப்பதைவிடச் செலவு மிகுந்தவை என்பதே இவற்றின் ஒரே குற்றம்.

இது நமக்கு அயலார் கதை எனக் கருதுவோர் 2022 டிசம்பரை நினைவுகூர்க. மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலிருந்து கடல் கடந்து வந்த மாசு யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடியது. டிசம்பர் 9ஆந் திகதி நம் நாட்டிலும் பாடசாலைகள் அடைக்கப்பட்டன. அரிதாள் எரியும் காலம் அப்பொழுது பெரும்பாலும் கடந்துவிட்டது. அச்சமவெளியின் ஆண்டு முழுவதற்குமான மாசே நம்மை வந்து தொட்டது. காற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை.

மேலிருந்து இடப்படும் கட்டளையின் விலையையும் நாம் அறிவோம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. இயற்கை உரம் இடுக என்றனர். அவ்வுரம் எங்கே என்று கேட்ட கமக்காரனுக்கு விடை இருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது, நட்டம் மட்டும் கமக்காரனிடம் நின்றது. நல்ல நோக்கம் ஒன்றே போதாது என்பதற்குப் பஞ்சாபின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் நம் 2021ஆம் ஆண்டுத் தடையும் இரு சாட்சிகள். நம் வயல்களிலும் சூடடித்தபின் வைக்கோல் எரிகின்றது. அதைக் கண்டு முகஞ்சுளிக்குமுன், அதனை மண்ணுக்குத் திருப்ப அக்கமக்காரனுக்கு நாம் என்ன வழி அமைத்துக் கொடுத்தோம் என்று கேட்டல் வேண்டும்.

வகுப்பறையிற் பசுமைப் புரட்சியைக் கற்பிக்கும் நாம், ஏறிய விளைச்சலின் அட்டவணையோடு பாடத்தை முடித்துவிடுகின்றோம். அது பசித்த மக்களுக்குச் சோறு தந்தது மெய். அச்சோற்றின் விலையை எவர் செலுத்துகின்றனர் என்பதும் பாடத்தின் பகுதியே. அடுத்த ஐப்பசியில் எரியும் வயலின் படம் மீண்டும் அச்சாகும். அப்பொழுது நம் மாணவர் ஒருவராவது எழுந்து, தீ இட்ட கையைக் கண்டோம், அக்கையிற் தீக்குச்சியைத் திணித்தவர் யார் என்று வினவுவாராயின், அவ்வினாவிலிருந்தே நம் கல்வி தொடங்கும்.