ஒழுகுற ஓட்டையை அடைக்காதீங்க!



மெக்கானிக்கல் மாணவர் ஒருவரிடம் சென்ட்ரிஃபியூகல் பம்ப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். படம் போட்டு, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கும் அளவுக்கு எழுதித் தந்துவிடுவார். அதே மாணவரை ஒரு லாரி முன்னால் நிறுத்தி, "இதுல அந்தப் பம்ப் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டால்? நம்மில் எத்தனை பேர் கை நீட்டிக் காட்டுவோம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது நம்மைப் பார்த்துத்தானோ!

நம்ம ஊர்ப் பக்கம் லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைய. சிவகாசிப் பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும், விருதுநகர் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் சக்கரம் ஏறித்தான் வெளியூர் போகின்றன. இதில் ஒரே வண்டி வைத்துக்கொண்டு, தானே முதலாளி, தானே டிரைவர் என்று ஓடும் அண்ணாச்சிமார்கள் உண்டு. வண்டி ஒருநாள் நின்றால் வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்காது. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலிலேயே ஒழுகும் வாட்டர் பம்பை மாற்றிக் கொடுக்க ஒரு டிப்ளமோ மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

அப்படி என்ன பெரிய விஷயம் அந்தப் பம்பில்? நாம் படித்த ஹீட் பேலன்ஸ் ஷீட்டை நினைத்துப் பாருங்கள். எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலிங் தண்ணீரோடு போகிறது. அந்தத் தண்ணீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்ற வைப்பது இந்தச் சின்னப் பம்ப்தான். சித்திரை வெயிலில் சாத்தூருக்கும் மதுரைக்கும் நடுவே, பழைய என்.எச்.7, இன்றைய என்.எச்.44 சாலையில் இது கைவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். சில சமயம் ஹெட்டே விரிசல் விடும்.

பம்பின் ஷாஃப்டில் ஒரு முனையில் இம்பெல்லர், மறுமுனையில் புல்லி. நடுவே தண்ணீரைத் தடுக்க ஒரு சீல், சுழற்சியைத் தாங்க ஒரு பேரிங். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும் என்று, வடிவமைத்தவன் யோசித்து வைத்த ஓட்டை அது!

எங்கள் தெருவில் ஒரு டிரைவர் அண்ணனிடம், "அண்ணே, இந்த ஓட்டை எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "ஒழுகறதுக்குத்தான் தம்பி!" என்று சிரித்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பலர் என்ன செய்கிறார்கள்? சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் பேரிங்கில் நுழைகிறது. கிரீஸ் கரைகிறது, பேரிங் உடைகிறது. புல்லியோடு ஃபேனும் சேர்ந்து இருக்கும் வண்டியானால் ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிக்கிறது. ஒரு பம்போடு போக வேண்டிய செலவு மூன்று மடங்காக முடிகிறது.

வேலை கடினமில்லை, ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கேபின் தூக்கும் வண்டியானால் லாக் விழுந்ததா என்று பார்க்காமல் தலையை உள்ளே நீட்டாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மூடியின் அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த மறுகணம் ஆவியாகி முகத்தில் அடிக்கும். பிறகு தண்ணீரை இறக்கி, பெல்ட், ஃபேன், புல்லி, ஹோஸ் என்று வரிசையாகக் கழற்றுங்கள். எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது என்று குறித்து வையுங்கள், நீளம் மாறும். பழைய கேஸ்கெட்டைத் துளி விடாமல் சுரண்டி, புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறக்கிய கூலண்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். அது இனிப்பான விஷம். நாயும் ஆடும் நக்கினால் செத்துப் போகும்.

இதோடு முடிந்ததா? இல்லை. இங்கேதான் நம் படிப்புக்கு வேலை. பம்ப் ஏன் போனது? பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதாலா? ஃபேன் இறக்கை வளைந்து ஆடியதாலா? போர் தண்ணீரின் உப்புப் படிந்ததாலா? காரணத்தை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில் போகும். மாட்டுவதற்குக் கை போதும். காரணம் கண்டுபிடிக்கத்தான் டிப்ளமோ!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நாம் பட்டாசு மண்ணில் இருப்பவர்கள். வெடி லோடு ஏற்றிய வண்டியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. லோடு இறக்கிய பிறகும் குடோன் பக்கத்தில் வேண்டாம். 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை, பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்களின் உயிரையும் பறித்ததை மறக்க முடியுமா? லோடு ஏற்றுமுன் ஐந்து நிமிடம் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தால், வெடியோடு நடுரோட்டில் சூடேறி நிற்கும் ஆபத்து பெருமளவு குறையும்.

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி, நம்மால் முடியுமா?" என்பார்கள் சிலர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு எத்தனையோ மாறியது உண்மை. ஆனால் தண்ணீரைத் தள்ள இம்பெல்லரும், தடுக்க சீலும் இன்றும் வேண்டும். டைமிங் பகுதியைத் திறந்தால்தான் பம்ப் வரும் என்ற வண்டிகளை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுவோம். எது நம் வேலை, எது இல்லை என்று தெரிவதும் படிப்புதானே?

"டிப்ளமோ படிச்சுட்டு கிரீஸ் கையா?" என்று கேட்பவர்களுக்கு கோவை ஜி.டி.நாயுடுவைக் காட்டுங்கள். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, பிரித்து மாட்டிக் கற்றவர் அவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் ஓட்டத் தொடங்கியவர், 1945-ல் கோவையில் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானார். கிரீஸ் பட்ட கை தாழ்ந்த கை அல்ல!

நம் படிப்பிலும் ஒரு ஒழுகல் இருக்கிறது நண்பர்களே. பார்முலா வருகிறது, ஸ்பேனர் பிடிக்க வரவில்லை. அதைக் கைடு வைத்து அடைத்து, பரீட்சையில் தேறிவிடுகிறோம். உள்ளே பேரிங் துருப்பிடிக்கிறது!

எனவே மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய டீசல் எஞ்சின் கேட்டு வாங்குவோம். சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, ஒரு பம்பைக் கழற்றி மாட்டட்டும். சர்டிபிகேட் வாங்குமுன் ஒவ்வொருவர் கையும் ஒரு முறையாவது கறுக்கட்டும்.

கழற்றுவோம்! காரணம் காண்போம்! பிறகு மாட்டுவோம்!