மாத்திரைக்கும் ஒரு மார்க்கர் வேண்டும்

1968 ஏப்ரல் 14. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினாக்காரர் ராபர்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-வது பிறந்தநாள். 17-வது குழியை மூன்றே அடியில் முடித்தார். கூட்டம் பார்த்தது, தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அவருடைய அடிக்கணக்கு அட்டையை எழுதிக்கொண்டிருந்த சக ஆட்டக்காரர் டாமி ஆரன் கை தவறி நான்கு என்று போட்டுவிட்டார். டி விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். போட்ட கையெழுத்து போட்டதுதான் என்பது விதி. 65 அடி 66 ஆனது. பாப் கோல்பியுடன் சமநிலையில் நிற்க வேண்டியவர், ஓர் அடியில் பட்டத்தை இழந்தார்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் அந்த விதியின் வேரில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. கிரிக்கெட் மாதிரி இங்கே ஒவ்வொரு பந்துக்கும் அம்பயர் நிற்பதில்லை. புல்லுக்குள் கிடக்கும் பந்து லேசாக அசைந்தால், அசைந்தது என்று சொல்ல வேண்டியவர் மட்டை பிடித்தவரேதான். 1925 யு.எஸ். ஓபனில் பாபி ஜோன்ஸ் அப்படிச் சொல்லி, தன் கணக்கில் தானே ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றும் போனார். அதற்காக நேர்மையை மட்டும் நம்பி எல்லாவற்றையும் விட்டுவிடவும் இல்லை. ஒருவர் அட்டையை இன்னொருவர் எழுதுகிறார். அவருக்கு மார்க்கர் என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

மைதானத்தில் இவ்வளவு கவனமாக இருக்கிற ஆட்டம், மாத்திரை விஷயத்தில் மட்டும் ஆளைத் தனியே விட்டிருக்கிறது.

ஊக்கமருந்து என்றதும் நம் கண்ணில் வருவது புடைத்த புஜமும் ஒளித்து வைத்த ஊசியும்தான். கோல்ஃபில் கதை வேறு. இங்கே பெரும்பாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் வில்லங்கமாகிறது. இடுப்பை ஒரு பக்கம் நிறுத்தி, தோளை மறுபக்கம் முறுக்கி, அந்த முறுக்கை ஒரு நொடிக்குள் அவிழ்ப்பதுதான் கோல்ஃப் அடி. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பந்தை அடித்துப் பழகுகிறவரின் கீழ்முதுகு என்ன ஆகும்? வாரம் ஓர் ஊர், வேறு வேறு நேர மண்டலம், ஓட்டல் படுக்கை. வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று.

அந்தப் படபடப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மூன்றடி தூரத்தில் குழி. குழந்தைகூடத் தள்ளிவிடும். ஆனால் அது கடைசிக் குழி, கோடிக்கணக்கான பணம், சுற்றிலும் மூச்சடைத்து நிற்கும் கூட்டம். நெஞ்சு அடிப்பது விரல் நுனிவரை வந்து மட்டையை அசைக்கிறது. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1960-களில் உருவாக்கிய புரோப்ரனலால் அட்ரினலினை இதயத்தைத் தொடவிடாமல் தடுக்கும். துடிப்பு இறங்கும், நடுக்கம் அடங்கும். இதய நோயாளிகளுக்காக வந்த மருந்து அது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்தது. இந்த 'பீட்டா பிளாக்கர்' வகையைத்தான் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, கோல்ஃப் போன்ற கை நடுங்கக்கூடாத ஆட்டங்களில் தடை செய்திருக்கிறது.

நமக்கும் இது அந்நியமான சங்கதி அல்ல. எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு மாலை, "நாளைக்கு இன்டர்வியூ அண்ணா, கை நடுங்குது, அந்தப் படபடப்பு மாத்திரை நாலு குடுங்க" என்றான் ஒரு பையன். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. கத்தரிக்கோலால் அட்டையில் நாலை வெட்டிக் கவரில் போட்டார். ஆஸ்துமா உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளில் ஒன்று இது.

கோல்ஃபுக்கு வருவோம். 'எங்கள் ஆட்டம் கண்ணியவான்களின் ஆட்டம், விதியைச் சொன்னால் போதும், சோதனை எதற்கு' என்கிற பேச்சு அங்கே வெகுகாலம் ஓடியது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூரின் அன்றைய தலைவர் டிம் ஃபின்செமும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார். 2007-ல் தென்னாப்பிரிக்க மூத்த வீரர் கேரி பிளேயர், பிரிட்டிஷ் ஓபன் நடக்கும் ஊரிலேயே உட்கார்ந்து, குறைந்தது பத்துப் பேராவது ஊக்கமருந்து எடுப்பார்கள் என்று போட்டு உடைத்தார். பெயர் எதுவும் சொல்லவில்லை. 2008 ஜூலையில் சோதனை தொடங்கியது.

மாட்டிய முதல் ஆள் யார்? பட்டங்கள் குவித்த நட்சத்திரம் அல்ல. மெம்ஃபிஸ்காரர் டக் பாரன். பி.ஜி.ஏ. டூரில் ஒரு போட்டியும் ஜெயிக்காதவர். இதய வால்வுக் கோளாறுக்காக இளம் வயதிலிருந்தே பீட்டா பிளாக்கர் எடுத்து வந்தவர். உடலில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று அதற்கும் சிகிச்சை. சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. 2009 நவம்பரில் ஓராண்டுத் தடை. பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் இதயம் துள்ளிக்குதிக்கும் என்பது மருத்துவ மாணவருக்குக்கூடத் தெரியும். அந்த மனிதர் டாக்டர் சொல்வதைக் கேட்பதா, டூர் சொல்வதைக் கேட்பதா? பாரனை அப்பழுக்கற்றவர் என்று நான் வாதாடவில்லை. அவர் ஒருவரைத் தண்டித்ததோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தார்களே, அதைச் சொல்கிறேன். பத்தாண்டு கழித்து 2019-ல், 50 வயதில், மூத்தோர் டூரில் திங்கள்கிழமைத் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து ஒரு பட்டத்தை வென்றார் என்பது மனதுக்கு ஆறுதலான பின்கதை.

இன்னொரு டூர் ஆட்டக்காரர் ஸ்காட் ஸ்டாலிங்ஸின் கதை இன்னும் விசித்திரம். தீராத சோர்வுக்காக டாக்டர் டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோன் துணைப்பொருளை எடுக்கச் சொன்னார்; எடுத்தார். அது தடைப் பட்டியலில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. சோதனை அவரைப் பிடிக்கவே இல்லை. தானே போய்ச் சொன்னார். 2015-ல் மூன்று மாதத் தடை. பாபி ஜோன்ஸின் வாரிசு என்று கொண்டாட வேண்டிய ஆள். ஆனால் அந்தச் சீட்டை எழுதும்போது டாக்டரோ, வாங்கும்போது ஆட்டக்காரரோ பட்டியலை ஒரு தடவை புரட்டியிருந்தால் கொண்டாட்டமும் தேவையில்லை, தடையும் தேவையில்லை.

ஃபிஜியின் இந்திய வம்சாவளி வீரர் விஜய் சிங் விஷயத்தில் டூரே வழுக்கியது. மான்கொம்புச் சாற்றை வாயில் தெளித்துக்கொள்கிறேன் என்று 2013-ல் பத்திரிகையில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 90 நாள் தடை என்றார்கள். பிறகு உலக முகமை, அந்தத் தெளிப்பான் தடைக்குரியதல்ல என்று சொன்னதும் கைவிட்டார்கள். அவர் போட்ட வழக்கு 2018-ல்தான் சமரசமாக முடிந்தது. பட்டியல் வைத்திருக்கிறவர்களுக்கே பட்டியல் தெளிவில்லை என்றால், மட்டை பிடிக்கிறவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

இவை எல்லாவற்றுக்கும் மேல் 2017 மே 29-ம் தேதி அதிகாலை இருக்கிறது. ஃபுளோரிடாவின் ஜூபிடர் நகரில், சாலையிலேயே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஒரு மெர்சிடிஸ் நின்றது. வலப்பக்க இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. இரண்டு டயர்களில் காற்று இல்லை. உள்ளே ஸ்டியரிங் பின்னால் டைகர் வுட்ஸ் தூங்கிக்கொண்டிருந்தார். ஊதச் சொன்னார்கள், மதுவின் அளவு பூஜ்யம். பரிசோதனையில் வந்தது வேறு: ஹைட்ரோகோடோன், ஹைட்ரோமார்ஃபோன் என்ற இரண்டு ஓபியாய்டு வலிமருந்துகள், பதற்றத்துக்கான அல்ப்ரசோலம், தூக்கத்துக்கான சோல்பிடம், கஞ்சாவின் சுவடு. ஓபியாய்டையும் அல்ப்ரசோலம் வகையையும் சேர்த்து எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் தன் கடுமையான பெட்டி எச்சரிக்கையை அச்சிடச் சொல்லி அப்போது ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. முந்தைய மாதம்தான் அவருக்கு முதுகில் நான்காவது அறுவை சிகிச்சை.

பிறகு வுட்ஸ் ஓர் உண்மையைச் சொன்னார். முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டரின் துணையில்லாமல் தானாகவே வைத்தியம் பார்த்துக்கொண்டதுதான் தவறு என்றார். உலகின் மிகச் சிறந்த வைத்தியத்தை விலைக்கு வாங்கக்கூடியவர். பயிற்சியாளர், மட்டைப் பை சுமக்கும் கேடி, மேலாளர், வழக்கறிஞர் என்று எப்போதும் ஆள் சூழ இருப்பவர். அந்த ஐந்தில் ஒன்றையாவது யாராவது எண்ணினார்களா? கலைந்த தலையும் சொருகிய கண்ணுமாக எடுத்த போலீஸ் படத்தை வைத்து உலகம் ஒரு வாரம் சிரித்தது. அந்தப் படத்தை நானும் யாருக்கோ அனுப்பியிருக்கிறேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பரிந்துரை மருந்தைப் பொதுமக்களிடம் நேரடியாக விளம்பரம் செய்ய அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டுமே அனுமதிக்கின்றன. அமெரிக்க கோல்ஃப் ஒளிபரப்பு அதற்கு வாகான மேடை. பழம்பெருமை மிக்க வெஸ்டர்ன் ஓபன் 2004 முதல் சில ஆண்டுகள் ஓர் ஆண்மைக்குறைவு மாத்திரையின் பெயரைத் தாங்கி நடந்தது. கோல்ஃப் நட்சத்திரங்களில் ஆர்னால்டு பால்மர் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்துக்கு விளம்பரத்தில் வந்தார். ஃபில் மிக்கெல்சன் தன் மூட்டுவாத மருந்துக்கு வந்தார். தவறு என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அந்த நோயும் சிகிச்சையும் உண்மை. ஆனால் எந்த உபாதைக்கும் ஒரு மாத்திரை உண்டு என்று வாரக்கடைசி முழுக்கச் சொல்லிவிட்டு, திங்கள்கிழமை ஆட்டக்காரரிடம் மட்டும் கோப்பையை நீட்டிச் சிறுநீர் கேட்பதில் ஒரு முரண் இருக்கிறது. ஆக்ஸிகான்டின் என்ற வலிமருந்தைத் தயாரித்த பர்டூ நிறுவனம் 1996 முதல் 2001 வரை ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா உல்லாச விடுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடத்தி, 5,000-க்கும் அதிகமான டாக்டர்களையும் மருந்தாளர்களையும் செவிலியர்களையும் தன் செலவில் தங்கவைத்தது. கோல்ஃபுக்குப் பேர்போன மாநிலங்கள் அவை. அந்த வலிமருந்து அலை அந்த நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது தெரிந்ததே: போதை, மருந்து மிகையளவால் 2021-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவு.

ஆகவே தண்டனையைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேவை இரண்டாவது கையெழுத்து. சிகிச்சை விலக்குக்கான விண்ணப்பத்தைச் சீசன் தொடங்கும் முன்பே, மருந்தைத் தொடும் முன்பே, டூரும் டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். மறுப்பதானால் மாற்று மருந்து என்ன, பழையதை எத்தனை நாளில் குறைப்பது என்பதை எழுதித்தர வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவருடைய எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில் வைத்திருக்கும் ஒரு டாக்டர் இருக்க வேண்டும். முதுகுக்கு ஒருவர், தூக்கத்துக்கு ஒருவர் என்று சிதறும்போதுதான் ஜூபிடர் சாலையில் கார் நிற்கிறது. வீட்டாருக்கும் கேடிக்கும் அந்தத் தாள் தெரிந்திருந்தால் தவறில்லை. பையில் எத்தனை மட்டை இருக்கிறது என்று எண்ணுவது கேடியின் வேலை. பதினான்குக்கு மேல் போனால் அபராத அடி. மாத்திரையையும் அப்படி எண்ணலாம்.

வெளியே சொன்னால் மானம் போகும் என்ற பயமும் வேண்டாம். டூர் ஆட்டக்காரர் கிறிஸ் கிர்க் 2019-ல் குடியும் மனச்சோர்வும் தன்னை அழுத்துகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லி ஆட்டத்திலிருந்து விலகினார். பரிகாசம் அல்ல, ஆதரவுதான் கிடைத்தது. திரும்பி வந்து 2023-ல் ஹோண்டா கிளாசிக்கை வென்றார். சொல்கிறவருக்கு இடம் கொடுக்க அந்த உலகத்துக்குத் தெரியும்.

வாரக்கடைசியில் மட்டும் மட்டை தூக்கும் அறுபது வயதுக்காரர்களும் இதில் பங்காளிகள்தான். மைதானத்துக்குக் கிளம்பும் முன்பே, வலி வராதபோதும், ஐபுப்ரோஃபென் இரண்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வெயிலில் நாலு மணி நேரம், தண்ணீர் குறைவு, கூடவே ரத்த அழுத்த மாத்திரை என்றால் அடிபடுவது சிறுநீரகம். அவர்களை யாரும் சோதிக்கப் போவதில்லை. கூட ஆடுகிற நண்பர் கேட்டால்தான் உண்டு.

ஊக்கமருந்துச் சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கடந்த 7 நாள்களில் என்னென்ன மருந்து, துணைப்பொருள் எடுத்தீர்கள் என்று எழுதச் சொல்லும் கட்டம். மாதிரி கொடுக்கும் மேசையில்தான் அது ஆட்டக்காரர் கைக்கு வருகிறது. டூர் நடத்துகிறவர்களும் டாக்டர்களும் வீட்டாரும் அந்தக் கேள்வியை முதல் குழிக்கு முன்பே கேட்கட்டும்.