ஆளில்லாத தீவில் ஆட்டோ அப்டேட்டா?

அந்தமான் தலைநகரில் மரைன் ஹில் மேட்டிலிருந்து இறங்கினால் ஃபீனிக்ஸ் பே படகுத்துறை. தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. 500 கிலோமீட்டருக்கு அப்பால் காம்ப்பெல் பேயில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று நின்றுபோனால், சரிசெய்யப் போகிறவர் இந்தத் துறையில் வந்து நிற்க வேண்டும். டிக்கெட் கிடைக்க வேண்டும், கடலும் விட வேண்டும்.

இந்தத் தூரத்தைக் கணக்கில் கொள்ளாத உபதேசம் ஒன்று எங்கும் கேட்கிறது: "ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்துவிடு, அப்புறம் கவலையில்லை." மழைமானி, கடல்மட்டக் கருவி, கண்காணிப்புக் கேமரா என்று ஆளில்லாத இடங்களில் இயங்கும் போர்டுகளுக்கு இதைவிட ஆபத்தான அறிவுரை இல்லை.

அப்டேட்டே வேண்டாம் என்பதல்ல என் வாதம். வான்னாகிரை என்ற தீநிரல் 2017 மே மாதம் கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட் அவசியம். அது கெட்டுப்போனால் யார் மீட்பது என்பதுதான் கேள்வி.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடத்தில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. பல கணினிகளுக்கு அதனால் பயனில்லை. எழுந்திருக்கவே முடியாத கணினி, திருத்தத்தை எப்படி வாங்கும்? ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே எழுத ஆளாவது இருந்தது. ஆளே போக முடியாத இடத்தின் கதை வைக்கிங் 1. செவ்வாயில் ஆறு ஆண்டுகள் உழைத்த அந்தக் கலத்துக்கு 1982 நவம்பரில் பேட்டரி சார்ஜ் செய்வதற்கான புதிய மென்பொருள் போனது. ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பும் தகவலின் மேல் அது எழுதிவிட்டது. அத்தோடு தொடர்பு போயிற்று.

நம் போர்டு அதைவிட மென்மையானது. அதன் உயிர் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கிறது. தீவுகளில் கரண்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. அப்டேட் பாதி எழுதியிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்பு முறைமையே சிதையலாம். சிஸ்டம் உறைந்தால் ரீபூட் செய்யும் வாட்ச்டாக் இருக்கிறதே என்பார்கள். தனியாக விட்டால் அது உடைந்த அதே சிஸ்டத்தைத்தான் திரும்பத் திரும்ப ரீபூட் செய்யும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் வந்தபின், ஆட்டோ அப்டேட்டை நம்பி விட்டுவிடும் அலட்சியம் கூடியிருக்கிறது. கேபிள் கோப்பைக் கொண்டுவரும், கார்டை மாற்றும் கையைக் கொண்டுவராது.

வழி தெரியாத விஷயமும் இல்லை. கார்டில் இரண்டு சிஸ்டம் வைக்க வேண்டும். புதியதை ஓடாத பக்கத்தில் எழுதி, ஒருமுறை மட்டும் அதில் எழுப்பிப் பார்க்க வேண்டும். சர்வரைத் தொட முடியாவிட்டால் போர்டு தானாகவே பழையதற்குத் திரும்ப வேண்டும். அதற்கும் முன், அதே போன்ற இன்னொரு போர்டு ஊரிலேயே மேசைமேல் சில நாள் ஓட வேண்டும். காம்ப்பெல் பே வரிசையில் கடைசி.

டெண்டர் எழுதும் அதிகாரிகளே, "ஆட்டோ அப்டேட் வசதி உண்டு" என்ற வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அப்டேட் பாதியில் இருக்கும்போது உங்கள் கண்முன்னே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். போர்டு தானாக எழுந்தால் மட்டும் கப்பலில் ஏற்றுங்கள்.