சம்பளம் தரும் நிறுவனத்தைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதலாமா?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் அங்கேதான் தொடங்கியது. அன்று முதல் மின்னணு நிறுவனங்கள் வரிசையாக வந்து, பினாங்குக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டு வருகின்றன. அப்படி ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் உங்கள் அக்கா சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மேலாளர் அவரிடம், "விக்கிப்பீடியாவில் நம்மைப் பற்றி ஒரு பத்தி நன்றாக இல்லை. கொஞ்சம் சரிசெய்துவிடுங்கள்" என்கிறார். கணினி என்றால் வீட்டில் உங்களிடம்தானே கேட்பார்கள்? அக்கா உங்களிடம் வருகிறார். "தொகு" என்ற பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டு நிமிட வேலை. செய்வீர்களா?

செய்யக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பள்ளிகளுக்கு இடையிலான காற்பந்துப் போட்டியில் ஆட்ட நடுவர், ஓர் அணியின் பயிற்றுநருக்குச் சொந்தத் தம்பி. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். இருந்தாலும் அவர் ஊதும் ஒவ்வொரு விசிலையும் எதிரணி சந்தேகத்தோடுதான் கேட்கும். நடுவராக அவருக்கு ஒரு கடமை, அண்ணனுக்குத் தம்பியாக இன்னொரு கடமை. இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. இந்த நிலைக்குப் பெயர்தான் நலன் முரண். நலன் முரண் இருக்கிறது என்று சொன்னால் அவர் திருடன் என்று பொருளில்லை. பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொண்டு கோபப்படுகிறார்கள்.

இந்தியாவில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஐ.ஐ.பி.எம். என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்து மாணவர்களைச் சேர்த்து வந்தது. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தது. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனத்தின் பக்கம் பல ஆண்டுகள் வேறு மாதிரி இருந்தது. 'வைஃபைஒன்' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பயனர், நிறுவனத்துக்குச் சாதகமானவற்றைச் சேர்த்தும் குறை கூறும் செய்திகளை அகற்றியும் வந்தார். போட்டி நிறுவனம் ஒன்றைச் சார்ந்த பக்கங்களில் எதிர்மறையான செய்திகளைச் சேர்த்தார். இதற்கிடையே 2010இல் அவர் விக்கிப்பீடியாவின் நிர்வாகியாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். பக்கங்களைப் பூட்டவும் பயனர்களைத் தடைசெய்யவும் அதிகாரம் உள்ள பொறுப்பு அது.

2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்து, அவருடைய நிர்வாகி பொறுப்பைப் பறித்து, தளத்திலிருந்தே அவரை விலக்கியது. மறு மாதம் நியூஸ்வீக் இதழ் இதைப் பெரிய செய்தியாக வெளியிட்டது. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று நடுவர் குழு அறிவிக்கவில்லை. ஆகவே நாமும் ஊகிக்க வேண்டாம். இங்கே நான் நினைத்துப் பார்ப்பது வேறு ஒருவரை. சிறு நகரம் ஒன்றில் பள்ளி முடித்த ஒரு பிள்ளை. அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டப் போகிறார். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை இணையத்தில் தேடுகிறது. முதலில் வருவது விக்கிப்பீடியா. விளம்பரத்தைப் படிக்கும்போது இது விளம்பரம் என்று எச்சரிக்கையாக இருக்கும் மனம், கலைக்களஞ்சியத்தைப் படிக்கும்போது அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. யார் எழுதினார், யார் சம்பளம் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

(இதே நிறுவனம் தொடர்பாக 2013இல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. குவாலியர் நீதிமன்றம் ஒன்றின் உத்தரவின்படி, ஐ.ஐ.பி.எம்.மைக் குறை கூறிய 70க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை இந்திய அரசு முடக்கியது. முடக்கப்பட்டவற்றில் மானியக் குழுவின் அறிவிப்புப் பக்கமும் ஒன்று! அரசின் எச்சரிக்கையை அரசே மூடியது.)

இப்படி எழுதுபவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கே கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு 'வரலாறு' உண்டு. எந்த நொடியில், எந்தக் கணக்கிலிருந்து, எந்தச் சொல் நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று எல்லாமே அங்கே பதிவாகிறது. கணக்குத் தொடங்காமல் திருத்தியவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக அவர்களுடைய கணினியின் ஐ.பி. எண் பதிவானது. ஐ.பி. எண் வீட்டு முகவரி மாதிரி. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று எண் தொகுதிகளை வாங்கி வைத்திருக்கும். எந்தத் தொகுதி யாருடையது என்ற பட்டியல் பொதுவில் கிடைக்கிறது.

2007இல் வர்ஜில் கிரிஃபித் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. 34 மில்லியனுக்கும் மேற்பட்ட திருத்தங்களை நிறுவனங்களோடு பொருத்திக் காட்டும் 'விக்கிஸ்கேனர்' என்ற கருவி பிறந்தது. வாக்குப்பதிவு இயந்திரங்கள் செய்து வந்த டீபோல்ட் நிறுவனத்தின் எண்ணிலிருந்து, அந்த இயந்திரங்களின் பாதுகாப்பைப் பற்றிய 15 பத்திகள் 2005இல் ஒரேயடியாக அழிக்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது பல விக்கிகளில் இந்த எண்ணை மறைத்துத் தற்காலிகப் பெயர் காட்டுகிறார்கள். தனிமனிதர்களின் அந்தரங்கத்துக்கு அது நல்லது. கள்ளத்தனமாக எழுதுபவர்களும் அதற்கு முன்பே தந்திரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். ஒருவரே பல கணக்குகள் தொடங்கி, பல பேர் போல நடிப்பதுதான் புதிய வழி. 2015இல் ஒரே கும்பலோடு தொடர்புடைய 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியா தடைசெய்தது. சிறு வணிகர்களிடம், "உங்களைப் பற்றிய பக்கம் நிலைக்க வேண்டுமானால் பணம் கொடுங்கள்" என்று மிரட்டிய கும்பல் அது.

அறிவியல் உலகம் இந்தப் பாடத்தை முன்பே கற்றது, அதுவும் சிரமப்பட்டு. 1967இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, இதய நோய்க்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பையே அதிகம் குற்றம் சொன்னது. அதை எழுதச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஒன்று பணம் கொடுத்திருந்தது. கட்டுரையில் அந்தச் செய்தி இல்லை. பழைய கடிதங்களைத் தேடி எடுத்த ஆய்வாளர்கள் 2016இல்தான் அதை வெளியிட்டார்கள். அன்றைய வழக்கப்படி பணம் தந்தவரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இதழ் 1984இல்தான் அதைக் கட்டாயமாக்கியது. கவனியுங்கள்: நிறுவனப் பணத்தில் ஆய்வே செய்யக்கூடாது என்று விதி வரவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்றுதான் வந்தது.

விக்கிப்பீடியாவும் 2014 ஜூனில் அதே வழிக்கு வந்தது. பணம் பெற்று எழுதுபவர், யார் பணம் தருகிறார், யாருக்காக எழுதுகிறார் என்பதை வெளியிட வேண்டும் என்பது இன்று அதன் பயன்பாட்டு விதி. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் ஒரு பகுதியாக எழுதினால், அவரும் இந்த விதிக்குள் வருகிறார். ஆங்கில விக்கியின் வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்டவர் கட்டுரையில் நேரடியாகக் கை வைக்காமல், உரையாடல் பக்கத்தில் கோரிக்கை வைக்கும்படி கேட்டுக்கொள்கிறது.

"நிறுவனத்தைப் பற்றி அங்கே வேலை செய்பவருக்குத்தானே நன்றாகத் தெரியும்? தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு தவறாக இருந்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சும்மா இருக்க வேண்டாம். உரையாடல் பக்கத்தில், "நான் இந்த நிறுவனத்தின் ஊழியர். ஆண்டு தவறாக உள்ளது. இதோ சான்று" என்று அக்கா தன் கணக்கில் எழுதட்டும். தொடர்பில்லாத ஒருவர் சரிபார்த்து மாற்றுவார். நாள்கள் ஆகலாம், சில வேளை வாரங்களும் ஆகலாம்; பொறுமை வேண்டும்.

உண்மையை மட்டுமே எழுதினால் என்ன என்ற வாதம்தான் எனக்குக் கொஞ்சம் ஆபத்தாகத் தெரிகிறது. பொய்யே இல்லாமலும் ஒரு பக்கத்தைச் சாய்க்க முடியும். வாங்கிய விருதுகள் பன்னிரண்டையும் எழுதி, கட்டிய அபராதம் ஒன்றை விட்டுவிட்டால், ஒவ்வொரு வரியும் உண்மைதான். பக்கம் மட்டும் உண்மை இல்லை. எதை விட்டோம் என்பது எழுதுபவருக்கே தெரியாமல் நடக்கும். விக்கிப்பீடியாவின் நிறுவனர் ஜிம்மி வேல்ஸ்கூட 2005இல் தன்னைப் பற்றிய பக்கத்தில், லேரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறிப்பிட்ட இடங்களை மாற்றினார். விஷயம் வெளியே வந்ததும், செய்திருக்கக் கூடாது என்று சொன்னார். விதிகள் அனைத்தும் தெரிந்தவருக்கே இந்த நிலை.

தமிழுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகிள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து அதில் கட்டுரைகளைச் சேர்த்தது. பொய் ஒன்றும் எழுதப்படவில்லை. ஆனால் எந்தத் தலைப்பு வேண்டும் என்று தமிழ் வாசகரைக் கேட்காமல், ஆங்கிலத்திலிருந்து கட்டுரைகள் வந்து குவிந்தன, மொழிநடையும் சரியில்லை. தமிழ் விக்கித் தன்னார்வலர்கள் வாதாடி, தலைப்புகளிலும் தரத்திலும் மாற்றம் கேட்டார்கள். கையளவு பேர்தான் அவர்கள். ஆங்கிலத்தில் ஒரு நிறுவனப் பக்கத்தைப் பலர் கண்காணிப்பார்கள். தமிழில் ஒரு சங்கத்தைப் பற்றியோ எழுத்தாளரைப் பற்றியோ உள்ள பக்கத்தை எழுதியவரைத் தவிர வேறு யாரும் திறந்து பார்க்காமலே ஆண்டுகள் போகலாம். சாய்வு அப்படியே தங்கிவிடும்.

தங்குவதோடு நிற்காது, பரவும். 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிக்குப் பயிற்சி தந்த நூல்களிலும் தளங்களிலும் விக்கிப்பீடியாவும் ஒன்று என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். இடுபணிக்காக நீங்கள் ஒரு மென்பொருளிடம் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலில், யாரோ ஒரு விளம்பரப் பிரிவு ஊழியர் எப்போதோ எழுதிய வரி மறைந்திருக்கக்கூடும். அங்கே 'வரலாறு' பொத்தானும் இல்லை.

உங்களுக்கு இன்னும் சம்பளம் இல்லை. ஆனால் பள்ளி இருக்கிறது. உங்கள் பள்ளியைப் பற்றி ஆங்கிலத்திலோ மலாயிலோ தமிழிலோ ஒரு பக்கம் இருந்தால் இன்று திறந்து பாருங்கள். "மாநிலத்தின் தலைசிறந்த பள்ளி" என்று சான்றில்லாத வரி எங்காவது இருக்கிறதா? 'வரலாறு' பொத்தானை அழுத்தி, அந்த வரி எந்த நாளில் வந்தது, எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அந்தக் கணக்கு வேறு எந்தப் பக்கத்திலாவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு உரையாடல் பக்கத்துக்குப் போய், இந்தப் பள்ளியின் மாணவன் அல்லது மாணவி என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அதற்குச் சான்று கேளுங்கள்.