குட்டியைக் குற்றம் சொல்லுமுன்

பூனைக்குட்டி ஒன்றை ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குப் பெயரிட்டுச் சீராட்டி, குழந்தைகள் அதனோடு விளையாடுவதைக் கண்டு களித்தவர்களே, மெத்தையிலும் சோபாவின் மூலையிலும் அது நாலைந்து முறை அசுத்தம் செய்துவிட்ட மாத்திரத்தில், அதைச் சாக்கிலே போட்டுக் கட்டி, திரும்பி வர இயலாத தூரத்தில் ஏதாவதொரு மீன் சந்தையருகே அவிழ்த்துவிட்டு வரும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இப்படிச் செய்வோரெல்லாம் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குட்டிக்கு ஒழுங்கு படியவே படியாது என்று மெய்யாக நம்பி, வேறு உபாயம் தோன்றாமல்தான் பலர் இக்காரியத்தைச் செய்கிறார்கள். அந்த நம்பிக்கை பிசகானது. வீட்டினுள் அசுத்தம் செய்யும் குட்டியின் விஷயத்தில், காரணத்தை வீட்டின் அமைப்பிலோ, வீட்டாரின் அவசரத்திலோ, குட்டியின் தேக நிலையிலோ தேட வேண்டுமே தவிர, அதன் சுபாவத்தில் தேடிப் பிரயோஜனமில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுபாவத்தைப் பொறுத்தமட்டில், பூனையைப்போல் சுத்தத்தை நாடும் வளர்ப்புப் பிராணி அரிது. பிறந்த முதல் மூன்று வாரங்களில் குட்டியால் தானாக மலஜலம் கழிக்க இயலாது. தாய் நக்கித் தூண்டினால்தான் கழியும், கழிந்ததைத் தாயே நக்கி அப்புறப்படுத்தியும் விடும். நாலாவது வாரத்தில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் முன்காலால் பறிக்கும் பூர்வ வாசனை குட்டியிடம் தானே தலைகாட்டுகிறது. எந்த இடத்தில், எந்தப் பொருளில் என்பதைத் தாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. நம் வீட்டுப் பூனைகளெல்லாம் மேற்காசியாவின் காட்டுப்பூனைகளிலிருந்து வந்தவை என்று 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி நிலைநாட்டியிருக்கிறது. மண்ணைப் பறிப்பதும் மூடுவதும் அந்தப் பரம்பரை விட்டுச்சென்ற ஆஸ்தி. எட்டு வாரமாவது தாயோடு இருந்து வந்த குட்டிக்கு ஆகவே நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியது சொற்பமே. அதற்கு முன்பே பிரிக்கப்பட்ட குட்டியாயின், தாய் செய்திருக்கவேண்டிய காரியத்தில் மிச்சத்தை நாம் பொறுமையுடன் செய்து தீரவேண்டும்.

கொல்லையும் புழக்கடையும் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை எழவில்லை. பூனை இஷ்டப்படி வெளியே போயிற்று, வந்தது. அடுப்புச் சாம்பலும் தோட்டத்து மண்ணும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. இன்றோ, மூன்றாவது மாடியில், வழவழப்பான டைல்ஸ் தரை பரப்பிய இரண்டு அறைகளுக்குள் குட்டியை அடைத்துவைத்து, பறிக்கத்தக்க மண் ஒரு பிடிகூட அங்கே இல்லாதபோது, துவைக்கப் போட்ட துணிக் குவியலையும் பூந்தொட்டியையும் அது நாடிற்றென்று கோபிக்கிறோம். குளிர் நாட்டார் இதே சங்கடத்தை நமக்கு முன்பே அனுபவித்தார்கள். அமெரிக்காவில் மிஷிகன் மாகாணத்தில், 1947 ஜனவரியில், வெளியிலிருந்த மணல் உறைந்துபோனதால் பூனைக்குச் சாம்பலைப் போட்டு, வீடெங்கும் கரிச்சுவடு படிவதைச் சகியாத அண்டை வீட்டு அம்மாள் ஒருவருக்கு, எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்றுவந்த உலர்ந்த களிமண் துகள்களை எட்வர்ட் லோ என்பவர் கொடுத்துப் பார்த்தார். இன்று கடைகளில் பைபையாக விற்கும் 'லிட்டர்' அங்கிருந்து தொடங்கிய வியாபாரமே.

அந்த லிட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் சலித்த மணலைக்கொண்டே காரியத்தை நடத்தலாம். முக்கியமானவை தட்டும் அது வைக்கப்படும் இடமும். குட்டி சிரமமின்றி ஏறி இறங்கும்படி விளிம்பு தாழ்ந்த அகன்ற பிளாஸ்டிக் தட்டில், இரண்டு அங்குல ஆழத்துக்கு மணலைப் பரப்பி, ஆகாரமும் தண்ணீரும் வைக்குமிடத்துக்கு எட்டத்தில், வாஷிங் மெஷினின் இரைச்சலோ ஆள் நடமாட்டமோ அதிகமில்லாத மூலையில் வைக்க வேண்டும். முதல் சில தினங்கள் குட்டியை வீடு முழுவதும் அலையவிடாமல் அந்த ஓர் அறையிலேயே வைத்து, உறங்கி எழுந்தவுடனும் உண்டு முடித்தவுடனும் விளையாடி ஓய்ந்தவுடனும் தூக்கித் தட்டில் விட்டால் போதும். காலைப் பிடித்து மணலைப் பறிக்கவைப்பது அதை மிரளச் செய்யும். நறுமணம் ஊட்டிய லிட்டர் நம் மூக்குக்கு உகந்தது, பூனைக்கு ஆகாது. நனைந்தால் கட்டியாக இறுகும் பென்டோனைட் வகையை, எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பருவமாகிய முதல் மூன்று நான்கு மாதங்களில் தவிர்ப்பதே நலம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகமாக இருக்க வேண்டுமென்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் அனுசரிக்கத்தக்கது.

தட்டை நித்தியம் சுத்தம் செய்வதில் இரு வகை லாபம் உண்டு. நாற்றமெடுத்த தட்டைப் பூனை புறக்கணித்து வேறிடம் தேடும் என்பது ஒன்று. கர்ப்பிணிகளுக்குத் தீங்கு செய்யக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி, பூனையின் மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் தன்மை அடைகிறது என்பது மற்றொன்று. அன்றாடம் அகற்றி, கர்ப்பிணியை அந்த வேலையிலிருந்து விலக்கிப் பிறர் அதைச் செய்து கைகழுவுவாராயின், மருமகள் கருவுற்றாள் என்ற காரணத்துக்காக வளர்த்த பூனையை வெளியேற்ற அவசியமில்லை.

குட்டி தவறிவிட்டால் அதன் மூக்கை அசுத்தத்தில் தேய்க்கும் சிட்சையைப் பலர் பரம்பரை ஞானமாகக் கருதுகிறார்கள். செய்த காரியத்துக்கும் அடைந்த தண்டனைக்கும் உள்ள சம்பந்தத்தைக் குட்டி அறியாது. அறிவதெல்லாம், இந்த மனிதர் அபாயமானவர், இவர் கண்ணில் படாமல் கட்டிலடியில் கழிப்பது க்ஷேமம் என்பதே. அதனினும் பெரிய ஆபத்து, அசுத்தமான இடத்தைத் துடைக்க ஊற்றும் பினாயில். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் எளிதில் முறிக்க முடியாது. பினாயில் ஊற்றிய தரையில் நடந்து, பாதத்தை நக்கும் குட்டியின் உடலுக்குள் விஷம் போகிறது. அமோனியா கலந்த திரவமோ சிறுநீரின் நெடியையே ஒத்து, அதே இடத்துக்குப் பூனையை மீண்டும் அழைக்கும். சோப்பு நீரால் நன்றாகக் கழுவுவதும், இயன்றால் என்சைம் கலந்த சுத்திகரிப்பானைப் பயன்படுத்துவதும் போதுமானவை. ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று தட்டை விட்டு விலகினால் வியாதியைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவிக்குமாயின், மறுநாளைக்கு ஒத்திப்போடாமல் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது பிராணனைக் காக்கும்.

பூனை சுபாவத்திலேயே சுத்தத்தை நாடுவது என்ற நியாயம் தேக சுத்தத்திலும் பொருந்தும். பூனையின் நாவிலுள்ள முட்கள் நுனியில் குழிந்த அமைப்புடையவை என்றும், அந்தக் குழிவுகளில் உமிழ்நீரை ஏந்திச்சென்று ரோமத்தின் அடிவரை பரப்புகின்றன என்றும் 2018-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அந்த ஈரம் உலர்கையில் உடலும் குளிர்கிறது. ஆகையால் நாட்டுப்பூனைக்கு ஸ்நானம் ஏறக்குறைய அநாவசியம்; வாரத்துக்கு ஓரிரு முறை சீப்பால் வாரினால் போதும். பாரசீகப் பூனையின் நெடிய ரோமத்திலோ அந்த முட்களும் தோலை எட்டுவதில்லை என்று அதே ஆராய்ச்சி கண்டது. அழகுக்காக அதை வாங்கி வளர்ப்பவர்கள், தினமும் சிக்கெடுக்கும் கடமையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பாதத்தையும் காதையும் சிறுவயதிலேயே மெல்லத் தொட்டுப் பழக்கிய குட்டி, பின்னர் நகம் வெட்டும்போது முரண்டு செய்யாது. நகத்தின் கூரிய நுனியை மட்டும் நறுக்கி, உள்ளே ரத்தம் ஓடும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தீண்டாமல் விடவேண்டும். பூச்சித் தொல்லைக்காக நாய்க்கு இடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இடுவது அதைக் கொல்லக்கூடும்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவோ பாண்டித்தியமோ தேவையில்லை. தினந்தோறும் சில நிமிஷங்கள் தேவை. ஆதலால் குட்டியைக் கொண்டுவர விரும்புவோர், அதற்கு என்ன பெயர் வைப்பதென்று யோசிக்குமுன், தட்டை எந்த மூலையில் வைப்பது, அதை யார் நாள்தோறும் சுத்தம் செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் வீட்டாரெல்லாம் கூடி விடை கண்டுகொள்ளட்டும். விடை கிடைக்காத வீட்டில் பூனை வேண்டாம்.